உங்கள் கடைவாய்ப் பல்லை முன்னிட்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

இங்கு நாங்கள் எல்லோரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும், உங்கள் கடைவாய்ப் பல் மட்டும் நலமில்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பல் என்று ஆரம்பித்தாலே வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் மருமகள் பல் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன் இல்லையா, அந்தப் படிப்பில் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால் போதாதாம், கையால் செய்து காட்ட வேண்டுமாம், அதற்கு நோயாளியையும் மாணவர்களே தேடிப்பிடித்துக் கூட்டிவர வேண்டுமாம். மற்றதெல்லாம் முடித்துவிட்டாள், கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை ஒன்றுதான் பாக்கி. இந்த மாதத்துக்குள் பேராசிரியை முன்னால் அதைச் செய்யாவிட்டால் கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போக, இவள் மட்டும் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே தேடினோம். உங்கள் தங்கை வாயைத் திறந்தாள், அதற்கு அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும், ஆனால் ஒரு சொத்தை இல்லை. என் பல்லைப் பார்க்க வேண்டியதே இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போது தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்வேன், மற்றபடி இரும்பு. பிறகு தையல் கடையில் முயற்சி செய்தேன். கழுத்தளவு எடுக்கும் சாக்கில் ஒருவரை வாயைத் திறக்கச் சொன்னேன். "அண்ணே, சட்டைக்குத்தானே அளவு எடுக்கிறீங்க?" என்று கேட்டார். பல்லைப் பார்த்த ஞாபகத்தில் கை அளவை மறந்து, அந்தச் சட்டை இப்போது முழங்கையோடு நிற்கிறது. கடைசியில் பக்கத்துக் கடை வாட்ச்மேன் கன்னம் வீங்கி வந்தார், எனக்கு ஒரே ஆனந்தம், நாளைக்கே வருகிறேன் என்றார். மறுநாள் மகள் வெறுங்கையோடு வந்தாள். "அவரை எங்க கிளாஸ் பையன் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான்ப்பா. நாம பஸ்ஸுல கூப்பிட்டோம். பரவாயில்லப்பா, விடுங்க." அந்தப் பரவாயில்லையைத்தான் மச்சான், என்னால் தாங்க முடியவில்லை.

போன தடவை வந்தபோது நீங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாய்மாமன் என்று இருக்கிறீர்கள், இந்த நேரத்தில் உதவாத பல் எதற்கு? அங்கே யாரிடமும் காட்டிவிடாமல் அப்படியே பத்திரமாகக் கொண்டு வாருங்கள். ஊசிக்குப் பயப்படாதீர்கள். தினமும் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவன் சொல்கிறேன், எறும்பு கடித்த மாதிரி இருக்கும், ஒரு பொத்தான் தைக்கிற நேரம், அவ்வளவுதான். வளர்ந்த மனுஷன் இதற்கெல்லாம் நடுங்கினால் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா?

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் பல்லுக்குத் தனியாக என் அன்பு.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: பல் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள், பொத்தான் தைத்த நூலை அவசரத்தில் வலப்பக்கமாகக் கடித்துவிட்டேன். நான் போட்ட சத்தத்தில் மகள் டார்ச்சோடு ஓடிவந்து வாயைத் திறந்து பார்த்தாள். பரீட்சை ரிசல்ட் வந்த அன்றுகூட அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "அப்பா, இவ்வளவு அருமையான சொத்தையை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் அலைஞ்சீங்க?" என்கிறாள். வியாழக்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார வேண்டும். ஆனாலும் நீங்கள் கட்டாயம் வர வேண்டும் மச்சான், வரும்போது இந்தக் கடிதத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஊசியைப் பற்றி மேலே எழுதியிருப்பதை, என் கையைப் பிடித்துக்கொண்டு, யாராவது எனக்குச் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும்.