பொட்டு வைத்த பெட்டி

ஒரே மாதிரியான இரண்டு பொருட்களை என் முன்னால் வைத்துவிட்டால், எது நல்லது என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஒருமுறை ரைஸ் குக்கர் வாங்கப் போய், இரண்டு குக்கர்களின் மூடிகளையும் மாறிமாறித் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். ஒரு வயதானவர் என்னைக் கடை ஊழியர் என்று நினைத்து ஃப்ரிட்ஜ்கள் எங்கே என்று கேட்டார். காட்டினேன். (எந்த ஃப்ரிட்ஜ் நல்லது என்றும் சொன்னேன். அதை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன்.)

இதற்கு அம்மாதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கும் தங்கச்சிக்கும் அவர் எப்போதும் ஒரே துணியில் ஒரே சட்டை தைத்தார். என் பிறந்தநாளுக்கு அவளுக்கும் பரிசு வரும். ஒருத்திக்குக் கொடுத்து மற்றவளுக்குக் கொடுக்காமல் விடுவது அவருக்குத் தாங்காது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே கிடைக்காத வீட்டில் வளர்ந்தவள், வெளியே வந்ததும் கண்டதையெல்லாம் ஒப்பிடத் தொடங்கிவிட்டாள்.

அதற்குச் சம்பளமும் கிடைக்கிறது. டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில், மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் சோதனைப் பொறியியலாளர். கட்டிலை உயர்த்தும் பொத்தானை எவ்வளவு அழுத்த வேண்டும், கைப்பிடி வழுக்குமா, விரல் தடுமாறுமா என்பதெல்லாம் என் துறை. ஒருநாள் என்னோடு வேலை செய்பவள் ஒருத்தி என்னைத் தன் துப்பாக்கி சுடும் கழகத்துக்கு அழைத்துப் போனாள். டென்மார்க்கில் இது பூப்பந்துக் கழகம் போலத்தான்: காகித இலக்கு, காதுக்கவசம், தெர்மோஸ் நிறையக் கோப்பி. எல்லோரும் இலக்கைப் பார்த்தார்கள். நான் விசையைப் பார்த்தேன். இழுக்கும்போது முதலில் ஒரு தளர்வு, பிறகு ஒரு தடை, பிறகு ஒரு முறிவு. இவ்வளவு நுணுக்கமான பொத்தானை நான் எந்தக் கட்டிலிலும் கண்டதில்லை. அன்றே அங்கத்தவரானேன்.

தெற்கே ரண்டர்ஸ் நகரில் இருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

"துவக்கைக் காணக்கூடாதெண்டுதானே பிள்ளை நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்," என்றார் தொலைபேசியில். "நீ காசு கட்டிப் போய்ப் பாக்கிறாய்."

நான் என் வாதங்களை வரிசையாக அடுக்கினேன். அது விளையாட்டு. துப்பாக்கிகள் பூட்டிய அறையில் இருக்கும். எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்ப்போம். அங்கே கவனக்குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

"அப்ப ஒருநாள் வந்து பாக்கிறன். எனக்கு மனம் ஒப்பேல்லையெண்டால் நீ அதை விடோணும். சரியோ?"

"ஓம்," என்றேன்.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "அங்கை எத்தினை பேரெண்டு கேள். கொம்மா வெறுங்கையோடை வரமாட்டா."

அம்மா வருவதற்கு நானே நாள் குறித்தேன். என் வாழ்நாளில் இதைவிடப் பிழையான நாளை நான் தேர்ந்தெடுத்ததில்லை.

கழகத்துக்குப் புதிய கைத்துப்பாக்கிகள் வாங்க வேண்டியிருந்தது. ஒரு விற்பனையாளர் இரண்டு மாதிரிகளைச் சில நாட்களுக்கு இரவல் தந்திருந்தார். இரண்டிலும் பின்பக்கம் சுத்தியல் கிடையாது. உள்ளே ஒரு ஊசி பதுங்கியிருந்து, விசையை இழுத்ததும் முன்னே பாயும். இரண்டும் கறுப்பு, இரண்டும் பிளாஸ்டிக் உடல், ஒரே அளவுத் தோட்டா. தூரத்தில் வைத்துப் பார்த்தால் என்னையும் தங்கச்சியையும் பழைய தீபாவளிப் படத்தில் பார்ப்பது போல் இருக்கும். எது கையில் நன்றாக உட்காருகிறது என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பைக் கழகம் என்னிடம் தந்தது. (தந்தது என்று சொல்லக் கூடாது. நான் கை தூக்கினேன், வேறு யாரும் தூக்கவில்லை.)

சாதாரணமாகச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் எது எதுவென்று தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. ஆகவே ஆயுத அறைக்குப் பொறுப்பான பிரெபென் என்ற பெரியவர், நான் இல்லாத வேளையில் இரண்டின் பெயர்களையும் கறுப்பு நாடாவால் மறைத்து, ஒரே மாதிரியான இரண்டு சாம்பல் பெட்டிகளில் வைத்தார். பெட்டிக்கு எழுத்தோ எண்ணோ போட நான் விடவில்லை. முதலெழுத்தைக் கண்டால் மனிதர்கள் அதைத்தான் சிறந்ததென்று நம்புவார்கள் என்று ஒரு குட்டி விரிவுரையே செய்தேன். ஆனால் ஏதோ ஓர் அடையாளம் வேண்டுமே. கைப்பையைத் துழாவியதில், ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய ஒட்டுப்பொட்டு அட்டை அகப்பட்டது. ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து ஒரு பெட்டியின் மூடியில் ஒட்டினேன்.

"முதலில் பொட்டில்லாதது. இடைவேளைக்குப் பிறகு பொட்டுள்ளது," என்று பிரெபெனிடம் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். அம்மா அப்போது கழகச் சமையலறையில், தான் கொண்டுவந்த ரோல்ஸை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். அறுபது வயது தாண்டிய எந்த டேனிஷ்காரரைக் கண்டாலும், அவர் இரவு நித்திரை கொண்டாரா, குளிசை போட்டாரா என்று அறிந்தே ஆகவேண்டும். பிரெபெனிடம் இரண்டையும் கேட்டுவிட்டு, சூட்டுத்தளத்தின் கண்ணாடிக்குப் பின்னால் போய்க் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வெடிச் சத்தத்துக்கு அவர் தோள் குலுங்கியதைக் கண்டேன். அதன்பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

பத்துப் பேர் முறைவைத்துச் சுட்டார்கள், நானும் சுட்டேன். எல்லோரும் என் தாள்களை நிரப்பினார்கள்: பிடி, விசை, உதைப்பு, குறி பார்க்கும் இலகு. பிறகு இடைவேளை. துப்பாக்கி பெட்டிக்குப் போனது; பூட்டிய இரண்டு பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக பிரெபெனின் மேசைக்குப் போயின. நாங்கள் கழக விதிப்படி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ரோல்ஸுக்குப் போனோம். ஆட்டிறைச்சி ரோல்ஸ், சுடச்சுட. வழமையாக அங்கே கிடைப்பது வறண்ட கேக் ஒன்றுதான். பத்து டேனிஷ் முகங்களும் முதலில் சிவந்தன, பிறகு மலர்ந்தன. அம்மா ஒரு தட்டோடு பிரெபெனைத் தேடிப் போனார்.

இரண்டாம் சுற்றில் எல்லாமே மாறிவிட்டது. ஓய்வுபெற்ற பஸ் சாரதியான ஹென்னிங் முதல் தோட்டாவிலேயே திரும்பிப் பார்த்தார்.

"இதுதான். முந்தியது மாடு உதைத்த மாதிரி. இது கைகொடுக்கிற மாதிரி."

பல் வைத்தியரான ஒரு பெண், இதன் பிடி பெண்களின் கையை நினைத்துச் செய்யப்பட்டிருக்கிறது என்றார். ஓர் ஆசிரியர் மட்டும், இது விளையாட்டுச் சாமான், முந்தியதுதான் ஆம்பிளைத் துப்பாக்கி என்றார். பல் வைத்தியர் அவருடன் மூன்று வாரம் பேசவில்லை. நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் தாளில் எழுதினேன்: 'முதலாவதன் விசை மணல் விழுந்த தண்டவாளத்தில் ஊர்கிறது. இரண்டாவதன் விசை மெல்லிய பனிப்பாளம் போல் சுத்தமாக முறிகிறது. இவ்விரண்டையும் ஒருவர் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.'

கடைசி வசனத்துக்குக் கீழே கோடும் போட்டேன்.

அன்று மாலையே எல்லோரும் கழக அறையில் கூடினார்கள். நான் எழுந்து நின்று முடிவை அறிவித்தேன்: பொட்டுள்ள பெட்டிதான், பெரும் வித்தியாசத்தில். அம்மா பின்வரிசையில் இருந்தார். அவருக்காகவே, இங்கே எதுவும் தற்செயலாக நடப்பதில்லை, ஒவ்வொரு படியும் சரிபார்க்கப்படுகிறது என்று டேனிஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் என் பட்டியலில் இன்னும் ஒரு விடயம் மிச்சமிருந்தது: துப்புரவு செய்யும் இலகு.

பிரெபென் பெட்டிகளைத் திறந்து தந்தார். முதலாவதின் மேல்பாகத்தைக் கழற்றி, குழலுக்குள் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை விட்டு இழுத்தேன். கரிக்கட்டை போல் வந்தது. "இவ்வளவு சுட்டால் இப்படித்தான் இருக்கும்," என்று விளக்கினேன். இரண்டாவதைக் கழற்றி, துணியை விட்டு இழுத்தேன்.

வெள்ளையாக வந்தது.

இன்னொரு துணியை விட்டேன். அதுவும் வெள்ளை. தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் கொஞ்சம் மினுங்கியது. மெதுவாக அந்தப் பெட்டியின் மூடியைச் சாத்தினேன். என் சிவப்புப் பொட்டு, நான் ஒட்டியபடியே கோணலாக இருந்தது. மற்ற மூடியைச் சாத்தினேன். அங்கும் ஒரு பொட்டு. கொஞ்சம் பெரியது, சின்னக் கல் வைத்தது, நூல் பிடித்தாற்போல் மூடியின் நட்டநடுவில் இருந்தது. எங்கள் பகுதியான வட யூலாந்து முழுவதும் தேடினாலும் இவ்வளவு நேராகப் பொட்டு வைக்கக்கூடியவர் அன்று ஒருவர்தான் இருந்தார்.

"அம்மா," என்றேன் தமிழில். "மற்றப் பெட்டிக்கு ஆர் பொட்டு வைச்சது?"

"நான்தான். கண்ணாடிக்குள்ளாலை பாக்கேக்கை நீ ஒண்டுக்கு வைச்சிருந்தாய், மற்றது வெறும் நெத்தியோடை கிடந்தது. மறந்துபோனாயாக்குமெண்டு நினைச்சன்."

"ஒண்டுக்கு மட்டும்தானம்மா வைக்கோணும்."

"அதென்ன ஞாயம்? ரெண்டும் புதுசெல்லோ."

தமிழ் விளங்காவிட்டாலும் பிரெபென் பெட்டிகளைப் பார்த்தே விடயத்தைப் பிடித்துவிட்டார். "உன் அம்மா என்னிடம் அனுமதி கேட்டுத்தான் ஒட்டினார். உன் முறையில் அதுவும் ஒரு படி என்று நினைத்தேன். பொட்டுள்ளதைக் கொண்டுவரச் சொன்னாய். மேலே இருந்த பெட்டியில் பொட்டு இருந்தது. கொண்டுவந்தேன்."

மேலே இருந்தது முதல் சுற்றில் சுட்ட அதே பெட்டி. இரண்டு சுற்றிலும் பத்துப் பேரும் நானும் ஒரே துப்பாக்கியைத்தான் சுட்டிருந்தோம். இடையில் மாறியது ஒன்றே ஒன்று: அம்மாவின் ரோல்ஸ்.

முதலில் பேசியவர் ஹென்னிங்.

"இரண்டாவதுதான் நல்லது. எனக்குக் கையில் தெரிந்தது."

"இரண்டாவது, முதலாவதுதான் ஹென்னிங்," என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் அது முன்னேறியிருக்கிறது."

பல் வைத்தியர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூரையே பறக்கும்போல் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பின்வரிசையைப் பார்த்தேன். அம்மாவும் சிரிக்கவில்லை. எழுந்து, சிரித்துக்கொண்டிருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வெறும் தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

அவரை ரண்டர்ஸில் விடக் காரில் கூட்டிப் போனேன். வழி நெடுக நான் மனதுக்குள் கழகத்திடம் விடைபெற்றுக்கொண்டிருந்தேன். கவனக்குறைவுக்கே இடமில்லை என்று வாக்குக் கொடுத்த இடத்தில், இரண்டு துப்பாக்கிகளில் எது எதுவென்று பதினொரு பேருக்குத் தெரியவில்லை. அதையும் அம்மாவை உட்காரவைத்தே காட்டியிருந்தேன். ஹொப்ரோ நகரம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"விடோணுமோ அம்மா?"

"என்னத்தை?"

"கழகத்தை."

"துவக்கு வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு முகம் இருக்கும் பிள்ளை. நான் கண்டனான். அந்த முகம் இருக்குதோ எண்டு பாக்கத்தான் வந்தனான். இதுகளுக்கு அது இல்லை. ஒரே துவக்கை ரெண்டு தரம் சுட்டுப்போட்டு, எது நல்லமெண்டு சண்டை பிடிக்குதுகள். இதுகள் ஒருத்தரையும் ஒண்டும் செய்யாதுகள்."

"அப்ப போகலாமோ?"

"போ. அடுத்தமுறை உறைப்பைக் குறைக்கோணும். அந்தப் பிரெபென் பாவம், தண்ணி குடிச்சபடி."

அடுத்த வாரம் மறுபடி சோதித்தோம். இம்முறை பெட்டிகளில் கொட்டை எழுத்தில் ஏ, பி என்று எழுதினேன். முடிவு சரிக்குச் சமன். கடையில் எது கையிருப்பில் இருந்ததோ அதையே வாங்கினோம். வாங்கிய துப்பாக்கிகளின் பெட்டிகள் எல்லாவற்றிலும் இன்று சிவப்புப் பொட்டு உண்டு. ஒன்று உதிர்ந்துவிட்டால் பிரெபென் என்னிடம் இன்னொன்று கேட்டு வாங்குவார். ஒட்டுவதற்கு முன் அளவுகோல் வைத்து நடுவைக் குறிப்பார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது இரண்டில் ஒன்றைப் புகழ்ந்தால், அது கட்டிலானாலும் கத்தரிக்காயானாலும், உடனே ஒரு கேள்வி வரும்: "ரெண்டையும் பாத்தனியோ?" நான் யாரைக் கல்யாணம் செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்றும் அது வந்தது. அவருடைய நல்ல குணங்களை வரிசையாகச் சொல்லி முடித்திருந்தேன். அப்பா தேத்தண்ணியை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"வேறை ஆரையும் பாத்தனியோ பிள்ளை, இல்லாட்டி இவரையே ரெண்டு தரமோ?"

உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவரை முதலில் டோஸ்ட்ருப் என்ற ஊரில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தேன். கார் டயர்களின் காற்றழுத்தம் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, அதே மண்டபத்தில், அதே கோட்டோடு, அதே காற்றழுத்தத்தோடு மறுபடி சந்தித்தேன். அன்று என்னவோ மிகவும் பிடித்துவிட்டது.

"ரெண்டு தரம்," என்றேன்.

தங்கச்சி கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, டேனிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இரண்டாம் தரத்துக்கு முன்னால் அம்மாவின் ரோல்ஸ் சாப்பிட்டிருந்தாயா?

சாப்பிட்டிருந்தேன்.