வேலையில்லாதோர் ஒழிந்த வருசம்

உலகத்தில் வேலையில்லாப் பிரச்சினையை அடியோடு ஒழித்த முதல் ஊர் எங்கள் கல்முனைக்குடி. ஒழித்தது சுனாமிக்கு அடுத்த வருசம். வலை போட்டுத் தேடினாலும் வேலையற்றவர் ஒருவர் அகப்படமாட்டார். சகலரும் நிவாரணத்துக்கு வந்த நிறுவனங்களின் 'பயிற்சி'யில் இருந்தார்கள். வள்ளம் இழந்தவர் மெழுகுதிரி வார்த்தார். வள்ளமே இல்லாதிருந்தவர் வள்ளம் ஓட்டப் பழகினார். பழகுவதற்குக் கொடுப்பனவு, பகலைக்குச் சோத்துப் பார்சல், போகும்போது ஒரு தொப்பி.

இந்தப் பொற்காலத்திலே வயலுக்குச் சொந்தக்காரரான என் மச்சான் ஷரிபுதீன் போடியாரின் வேளாண்மை மட்டும் நாட்டு நடப்புத் தெரியாமல் விளைந்து நின்றது. நற்பிட்டிமுனைப் பக்கம் வயல். கதிர் சாய்ந்துவிட்டது, வானமும் கறுத்துவிட்டது. நனைந்தால் வருசத்துப் பாடெல்லாம் முளைத்துப்போகும். வழமையாக வெட்டுகிற மீராசாவைத் தேடிப் போனோம். அவர் ஒரு மண்டபத்தில் கேக்குக்கு ஐசிங் றோசாப்பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"மீராசா, நெல்லுக் கொட்டப்போகுது. வெட்ட வாங்களன், கூலி கூட்டித் தாறன்."

"ஏலாது போடியார். இலை போடுற பாடம் இன்னும் முடியல்ல. அங்க வெயில், இங்க ஃபேன். நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் நான் ஆலோசனை வழங்கினேன். "மச்சான், வேலைக்குக் கூப்பிட்டா இப்ப ஆர் வருவான்? பயிற்சிக்குக் கூப்பிடு."

"வெட்டத் தெரிஞ்சவனுக்கு வெட்டப் பயிற்சியா? ஒருத்தனும் வரமாட்டான். உனக்குப் பென்சனைத் தந்துபோட்டு மூளையை வாங்கிட்டாங்க போல."

ஆனாலும் மறுநாள் காலை வரம்பில் பதாகை ஏறியது: 'நிலைபேறான வேளாண்மை வெட்டு: செயலமர்வு.' கூடாரம், கதிரை, ரோல்ஸ், தேத்தண்ணி. வீரமுனையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கதிர் வெட்டும் தாக்கத்தியைத் தொட்டறியாத ஷரிபுதீன் கழுத்துப்பட்டி கட்டி, பாடம் நடத்தும் 'வளவாளர்' ஆனார்.

பிறந்தது முதல் கதிர் வெட்டிய மீராசா பணிவாகக் கையை உயர்த்தினார். "சேர், கத்தியை எந்தக் கையால பிடிக்கிற?"

"அது... வசதியான கையால."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு 'குழுச் செயற்பாடு'. அஸர் தொழுகைக்கு முன்பே வயல் மொட்டை. கதிரைக் குவித்துப் படங்கு மூடியாயிற்று. மழை வந்து, பார்த்து, ஏமாந்து போனது.

மழைக்குப் பின்னால் வெள்ளை ஜீப் வந்தது. கேக் பயிற்சி நடத்திய அதே நிறுவனம். பதாகையைப் படித்தார்கள், படம் பிடித்தார்கள், மாலை போட்டார்கள், கை தட்டினார்கள்.

ஜீப் போனதும் கேட்டேன். "நடக்காது எண்டாயே மச்சான்?"

ஷரிபுதீன் மாலையைக் கழற்றி வரம்பில் வைத்தார்.

"ஓம், நடந்ததுதான். என்ட வெட்டுக்காரனைக் கொண்டுபோய்க் கேக்குக்குப் பூ வைக்க விட்டவங்களே வந்து, வெட்டுக்காரனை உருவாக்கின மனிசன் எண்டு எனக்கு மாலை போட்டாங்க."