மாப்பிள்ளைத் தூண்டில்

கம்பை எந்த முனையில் பிடிக்க வேண்டும் என்று இன்னாசிராஜுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வருங்கால மாமனார் அற்புதசாமி நின்றதால் கேட்கவும் முடியவில்லை. குருட்டாம்போக்கில் மெல்லிய முனையைப் பிடித்துத் தூக்கினான்.

"அது நுனிங்க தம்பி" என்றாள் கடைக்காரி ஜஹானாரா.

"தெரியும்மா. ஒரு கம்போட தரம் நுனியிலதான் தெரியும்" என்றான் அவன், வேர்த்துக்கொண்டே.

அற்புதசாமி குடையை ஊன்றிக்கொண்டு மெல்லத் தலையசைத்தார். "நுனியிலதான் தெரியும்."

மலைக்கோட்டைக்குக் கீழே, பாத்திரக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது அந்த ஏலச் சாமான் கடை. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் பத்து வருஷமாகியும் அவர்களுடைய பீங்கான் தட்டும் மான் கொம்பும் இன்னும் அங்கே விலை போய்க்கொண்டிருந்தன. இப்போது கொடைக்கானல் தோட்டத்துரை ஒருவருடைய தூண்டில் கம்புகள் மூன்று வந்திருந்தன.

எல்லாம் கல்யாணத் தரகர் செல்லக்கண்ணு செய்த வேலை. பாலக்கரைக் கோயிலில் பாட்டுப் பாடும் பிலோமினாவை இன்னாசிராஜுக்கு ரொம்ப நாளாகவே பிடிக்கும். பெண் கேட்டுப் போகச் சொன்னபோது செல்லக்கண்ணு ரகசியக் குரலில் எச்சரித்தார். "அப்பன்காரர் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். ஆனா தூண்டில்னா உயிர். கொடைக்கானல் போய் ட்ரவுட் மீன் பிடிக்கிறவர். நீயும் அந்த ஜாதின்னு காட்டிக்கிட்டா முடிஞ்சது காரியம்."

பெண் பார்க்கப் போன அன்று அற்புதசாமி ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பிக்குத் தூண்டில்ல ஈடுபாடு உண்டுன்னு கேள்விப்பட்டேன்?"

பொதுப்பணித்துறை ஆபீசில் கோப்பைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத இன்னாசிராஜ், கதவிடுக்கில் தெரிந்த பிலோமினாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏதோ கொஞ்சம் சார்" என்றான். ஏலக் கடையில் துரைக் கம்பு வந்திருக்கிறது, ரெண்டு பேரும் போய்ப் பாருங்கள் என்று கூட இருந்த செல்லக்கண்ணு முடிச்சுப் போட்டுவிட்டார். அந்தக் கொஞ்சம் அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"மண்புழுவை எங்க மாட்டறது?" என்று கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இதுக்குப் புழுவே கிடையாதுங்களே!" ஜஹானாரா ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே இறகாலும் நூலாலும் ஈ மாதிரி கட்டிய குட்டிக் குட்டிக் கொக்கிகள். "இதைத் தண்ணி மேல மிதக்க விடணும்னு துரை சொல்லிட்டுப் போனாரு."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

"தெரிஞ்சவங்க கேள்வி அப்படித்தான்" என்று அவள் ஒத்துக்கொண்டு, மூன்று கம்புகளின் துண்டுகளையும் பூண் சேர்த்துத் தனித்தனியாகப் பொருத்தி நீட்டினாள். "இது நுனி மட்டும் வளையும். இது பாதி வரைக்கும். இது அடி வரைக்கும் வளையும். உங்களுக்கு எந்த ஆக்‌ஷன் வேணும்?"

இன்னாசிராஜ் அற்புதசாமியைப் பார்த்தான். அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "தம்பியே சொல்லட்டும்."

பரீட்சை வைக்கிறார் கிழவர் என்று நினைத்துக்கொண்டான். ஆக்‌ஷன் என்றால் அவனுக்குத் தெரிந்தது நாடகக் கொட்டகைதான். நடுக்கம்பை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினான்.

"இது நல்ல ஆக்‌ஷன் சார். அலட்டல் இல்லாம, உணர்ச்சியோட இருக்கு."

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார் அற்புதசாமி.

"விலைக்குத் தகுந்த சரக்கா இருக்குமா சார்?"

"தம்பிக்கு எப்படித் தோணுது?"

எதைக் கேட்டாலும் பந்து அவனிடமே திரும்பி வந்தது. இன்னும் அரை மணி அங்கே நின்றால் சாயம் வெளுத்துவிடும். தப்பிக்க ஒரு வழி தோன்றியது. "தண்ணியில போட்டுப் பார்க்காம வாங்கறது சரியில்ல சார். இன்னொரு நாள் பார்ப்போம்."

அற்புதசாமியின் முகம் தெளிந்தது. "சரியாச் சொன்னீங்க. இன்னொரு நாள்."

"எதுக்கு இன்னொரு நாளு?" என்றாள் ஜஹானாரா. "இப்பவே எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பாருங்க. ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாவை எனக்குத் தெரியாதா? காவிரி என்ன, பூட்டியா கெடக்கு?"

ஜஹானாரா கயிறும் கொக்கியும் மாட்டிக் கொடுத்த, ஆளுயரத்துக்கு மேலே நீண்ட கம்போடு இரண்டு பேரும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்கள். நுனி ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டு வந்தது. எந்தக் கட்சி ஊர்வலம் என்று கண்டக்டர் கேட்டார்.

இன்னாசிராஜ் அதற்குள் அடுத்த தந்திரம் யோசித்துவிட்டான். ஜனம் குளிக்கிற துறையாகப் பார்த்துப் போனால் யாராவது விரட்டிவிடுவார்கள், கௌரவமாக வீடு திரும்பலாம். அம்மா மண்டபத்துப் படியில் போய் நின்றான். நினைத்தபடியே, ஈர வேஷ்டியோடு ஒரு பெரியவர் பதறிக்கொண்டு வந்தார்.

"ஸ்வாமி, இதென்ன அபசாரம்! பெருமாள் தீர்த்தத்துல தூண்டிலா!"

"மன்னிக்கணும். வாங்க சார், போயிடலாம்" என்று சந்தோஷமாகத் திரும்பினான்.

பெரியவருக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், ஆசையா வந்திருக்கேள். வடக்கே கொள்ளிடத்துக்குப் போங்கோ, அங்கே ஒருத்தரும் கேக்க மாட்டா" என்றவர், தானே ஒரு குதிரை வண்டியைக் கைதட்டிக் கூப்பிட்டு, இருவரையும் கம்போடு ஏற்றிவிட்டுத்தான் மறுபடி குளிக்கப் போனார்.

கொள்ளிடத்தில் தண்ணீர் முழங்காலளவுதான் ஓடியது. மணலில் ஒரு சலவைத் தொழிலாளி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேறு சாக்கு எதுவும் மிச்சமில்லை. இன்னாசிராஜ் மாதாவை வேண்டிக்கொண்டு கம்பைத் தலைக்கு மேலே சுழற்றி வீசினான். கயிறு முன்னால் போகவில்லை. பின்னால் போய், வெள்ளையாக ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்து வந்தது.

"யோவ்!" சலவைக்காரர் ஓடிவந்தார். "மீனு தண்ணியில இருக்குய்யா! இது வக்கீல் வீட்டு வேட்டி!"

வேட்டியைக் கிழியாமல் எடுத்துக் கொடுத்து, அலசியும் கொடுத்து அனுப்பிய பிறகு இன்னாசிராஜுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இனி தான் போட்டால் மானம்தான் போகும். "சார், நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. உங்க கையைப் பார்த்துத்தான் நாங்கெல்லாம் கத்துக்கணும்."

"சின்னவங்க போட, நான் பார்க்கணும். அதுல ஒரு திருப்தி."

"ஒரே தடவை சார்."

அற்புதசாமி குடையால் தண்ணீரின் ஆழத்தைக் குத்திப் பார்த்தார். கடைசியில் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரயிலுக்குக் கொடி காட்டுகிறவர் போல விறைப்பாகத் தண்ணீரில் இறங்கினார். கம்பை வீசினார். கொக்கி அவருடைய குடையிலேயே மாட்டியது. இழுத்தார். குடை படாரென்று விரிந்தது. ஆற்றுக்காற்று அதைப் பிடித்துத் தள்ள, அவர் மல்லாந்தார்.

"சார்!" இன்னாசிராஜ் செருப்போடு பாய்ந்தான். அவரைத் தூக்கப் போய் அவனும் உட்கார்ந்தான். அடியில் எங்கேயோ சடக்கென்று ஒரு சத்தம். துரையுடைய கம்பு இரண்டாகியிருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மணல் சரியில்ல" என்றார் அற்புதசாமி.

"இந்தக் காலத்துல மணலே சரியில்ல சார்."

தன்னால்தானே இவ்வளவு பெரிய ஆள் விழும்படி ஆயிற்று என்று அவனுக்கு அழுகையே வந்தது. அவரோ அவன் கையைப் பிடித்து எழுந்தவர், கரையேறிய பிறகும் அந்தக் கையை விடவில்லை. வண்டியில் வரும்போது தானாகவே பேச்சைத் தொடங்கினார், அன்றைக்கு முதல் தடவையாக. ஸ்டேஷன் கதைகள். சிரிப்புக்கூட வந்தது. ஜஹானாராவிடம் உடைந்த கம்புக்கான பணத்தைக் கொடுத்தபோது அவர் முகத்தில் துக்கம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

"தம்பி, வெறுங்கையோட போனா நல்லா இருக்காது" என்று மீன் மார்க்கெட்டுப் பக்கம் திரும்பினார். பளபளவென்று இருந்த ஒன்றை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கையில், "தை மாசம் கல்யாணத்தை வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

இன்னாசிராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த அடியிலேயே பயமும் பிடித்துக்கொண்டது. இனி ஆயுள் முழுக்க இந்த மனுஷனோடு மீன் பிடிக்கப் போக வேண்டுமே!

வீட்டில் அவர் மனைவி சவரியம்மாள் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க பிடிச்சீங்க?"

"கொள்ளிடத்துல" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"கொள்ளிடத்துல வஞ்சிரமா? அது கடல் மீனாச்சே!"

உள்ளே பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அற்புதசாமி ஈரத் துணியை மாற்றுகிற சாக்கில் வேகமாக மாடியேறிவிட்டார். தனியாக மாட்டிக்கொண்ட இன்னாசிராஜ், இனி ஒளிக்க முடியாது, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தொண்டையைச் செருமினான்.

அதற்குள் சவரியம்மாள் மாடிப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க, உங்க மீன் பிடிக்கிற கிறுக்குக்கு இனி இவரைக் கூப்பிடாதீங்க. மாப்பிள்ளைக்குத் தூண்டில்னா உயிர்னு அந்தத் தரகர் சொன்னாலும் சொன்னார், தூண்டிலைக் கண்ணால கண்டிராத மனுஷன், உங்க முன்னாடி மானம் போயிடக் கூடாதுன்னு ஒட்டடைக் கம்பைத் தூக்கிட்டு தினம் மொட்டை மாடியில வீசி வீசிப் பழகிட்டிருக்கார்!"