திறப்பரும் பட்டினி கிடந்த பிறவுணியும்

நெடுந்தீவுக் கருவாட்டு வாடியில் முதலாளி சம்மாட்டியோடு முறித்துக்கொண்டு, லோஞ்சுப் படகில் வந்து குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸையும் தவறவிட்டு, புங்குடுதீவு றோட்டால் நடந்துகொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை யாழ்ப்பாணத்தில் ஒரு லொறிக்காரர் முன்னால் போய் நின்றால் கிளீனர் வேலை நிச்சயம். அவரைக் காண முன்னர் வழியில் கண்டது திறப்பரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு தீவிலும் திறப்பரைப் போல அத்தனை வீடு வைத்திருந்த மனிதர் கிடையாது. அதில் ஒரு வீட்டுக் கதிரையிலாவது அவர் ஒரு நாளும் இருந்ததும் கிடையாது.

எண்பத்தாறாம் ஆண்டு, சோளகக் காற்று ஓய்ந்திருந்த நேரம். நல்ல வெயில். எனக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. மாட்டு வண்டில் என்று ஒதுங்கினேன். வந்தது சைக்கிள். அதில் ஈர்க்குப் போல ஒரு மனிதர், நெற்றி நிறையத் திருநீறு, ஹாண்டிலில் மூடி போட்ட சோற்றுச் சட்டி. இடுப்பில் கயிறு கட்டி, அதில் வீட்டுக் கதவுச் சாவிகள், முப்பது திறப்புக்குக் குறையாமல் தொங்கிக் கிலுங்கிக்கொண்டிருந்தன. ஊர் அவருக்குத் திறப்பர் என்று பெயர் வைத்தது அதனால்தான்.

"தம்பி, எங்கை போறீர்?"

"யாழ்ப்பாணம்."

"நடந்தோ?"

"பஸ் வரேல்லை. கால் வந்திட்டுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாய்க்குப் பயமோ?"

"பசிக்குத்தான் பயம்."

"அப்ப ஏறும். இரண்டுக்கும் வழி இருக்குது."

ஏறினேன். வாழ்க்கையில் நான் ஏறிய வாகனங்களில் பாதி, எங்கே போகிறதென்று கேட்காமல் ஏறியவைதான்.

ஊர் சனம் அப்போது கொழும்புக்கும் ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் வெளிக்கிட்டுக்கொண்டிருந்த காலம். எல்லோரும் போகும்போது சொன்னது ஒரே வசனம்: "ஒரு மாதத்திலை வந்திடுவம்." சொல்லிவிட்டு வீட்டுத் திறப்பையும் ஆடு, மாடு, நாய், பூனை, கோழிகளையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி அவரிடம் பதினாலு வீடு சேர்ந்திருந்தது. சில வீட்டுக்காரருடைய ஒரு மாதம் மூன்றாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. திறப்பருக்கு அது கணக்கில்லை. பதினாலு வீட்டிலும் தினமும் கலண்டரில் தாள் கிழிப்பார். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பார்.

"ஆளில்லாத வீட்டுக்கு ஏன் அண்ணை கலண்டர்?"

"வந்து கதவைத் திறக்கேக்கை பழைய திகதி நிண்டால் மனம் நோகும்."

ஒரு வீட்டுக் கட்டிலிலும் படுக்கமாட்டார். குசினியில் அடுப்பு மூட்டமாட்டார். தன் பாயையும் ஒரு சின்ன முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் திரிவார். வளவில் மூன்று கல் வைத்துச் சமைப்பார். மிருகங்களோடு அவர் கதைக்கும் முறை இன்னும் விசேஷம். நாய்க்கு 'நீர்', பசுவுக்கு 'நீங்கள்'. ஆட்டுக்கடாவைக்கூட "கொஞ்சம் விலத்தி நில்லும்" என்பார். பிறத்தியாருடைய சீவனை 'நீ' என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை என்பது அவருடைய கேள்வி. வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தால் தொழுவத்துக்குப் போய் உரத்து வாசிப்பார். "விசா இன்னும் கிடைக்கேல்லையாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

ஒரு ரீச்சர் வீட்டுப் பசு, ரீச்சர் கொழும்புக்குப் போன நாளிலிருந்து பாலை ஒளித்துவிட்டது. திறப்பர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அலுமாரியைத் திறந்து ரீச்சருடைய பூப்போட்ட ஹவுஸ்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தலையில் துவாயைச் சுற்றி, தொழுவத்தில் போய்க் குந்தினார். மணம் பிடித்த பசு பாலை விட்டது. அன்றிலிருந்து விடிய ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் ஹவுஸ்கோட்தான். ஒரு நாள் ரீச்சரின் தங்கைக்குச் சம்பந்தம் பேச, வளவு வாய்க்கால் பார்க்கக் கலியாணத் தரகர் வந்தார். படலையில் நின்று "ரீச்சர்!" என்று கூப்பிட்டார். பால் செம்போடு திரும்பியது மீசை. தரகர் வந்த பாதையிலேயே போய்விட்டார். சம்பந்தம் முறிந்தது. ரீச்சர் இரண்டு பக்கத்தில் கோபக் கடிதம் எழுதினார். திறப்பர் தபால் அட்டையில் பதில் போட்டார்: "தரகர் இன்னும் வருவார். பால் வற்றினால் வராது." ரீச்சருடைய கடிதத்தையும் பசுவுக்கு வாசித்துக் காட்டினாராம், தன்னை ஏசிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு.

எழுவைதீவில் ஒரு வேதக்காரக் குடும்பம் மடுத் திருவிழாவுக்குப் போகும்போது, குட்டி போட்ட பூனையை இவர் பொறுப்பில் விட்டது. சோளகம் உச்சத்தில் நின்ற நேரம். ஊர்காவற்துறையில் வள்ளக்காரர் கையை விரித்தார். "கடல் எழும்பி நிக்குது அண்ணை. ஏலாது." "அங்கை ஒரு தாய் பசியோடை இருக்கிறா. ஏலும்" என்று சொல்லிவிட்டுத் திறப்பர் வள்ளத்தில் ஏறிக் குந்திக்கொண்டார். வெளிக்கிடும்வரை இறங்கவில்லை. வெளிக்கிட ஒன்றரை நாள் சென்றது. அந்த ஒன்றரை நாளும் வள்ளத்திலேயேதான் இருந்தார். போய்ச் சேர்ந்து பூனைக்கு மீன் வைத்து, வீட்டுக்காரர் சொன்னபடி மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி, தனக்குத் தெரிந்த ஒரு தேவாரத்தையும் மாதாவுக்குப் பாடிவிட்டு வந்தார்.

இந்தக் கதைகளில் பாதியை அவர் சைக்கிள் மிதித்தபடி சொன்னார். மீதியை ஊர் சொன்னது. ஆனால் அன்று அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"எங்கடை கோயில் தலைவர், போஸ்ற் மாஸ்ரர், கண்ணிலை புரை வெட்டுவிக்கக் கொழும்புக்குப் போட்டார். அவரின்ரை நாய் பிறவுணி ஆறு நாளாய் ஒரு பருக்கை தொடேல்லை. சனிக்கிழமை மாஸ்ரர் வாறார். இண்டைக்குச் செவ்வாய். கிழட்டுச் சீவன், அதுவரைக்கும் தாங்காது. நீர் வாயைப் பிடிச்சால் நான் பாலைப் பருக்குவன்."

"தப்பாட்டில்?"

"உயிரோடை தருவன் எண்டு படலையிலை நிண்டு வாக்குக் குடுத்தனான். பிறவுணி போனால் பதினாலு வீட்டுத் திறப்பையும் திருப்பிக் குடுத்திடுவன்."

"அப்ப மற்ற மாடு கண்டுகளை ஆர் பாக்கிறது?"

அவர் சைக்கிளை இன்னும் வேகமாக மிதித்தார்.

போஸ்ற் மாஸ்ரர் வீட்டு மாமரத்தடியில் பிறவுணி கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம். மாஸ்ரரின் மனைவி எழுதி வைத்துவிட்டுப் போன தாள் தூணில் ஒட்டியிருந்தது. சோறு ஆறியிருக்க வேண்டும். மீன் தலையில் முள் இருக்கக் கூடாது. நீலக் கரை போட்ட எனாமல் கோப்பையில் வைக்க வேண்டும். கடைசி வரி: 'சாப்பாடு வைக்கும்போது இவர் பிறவுணியோடு கொஞ்சம் கதைப்பார்.'

அந்தக் கடைசி வரியைத் திறப்பர் வேதவாக்காக எடுத்திருந்தார். சட்டிச் சோற்றை நீலக் கரைக் கோப்பையில் போட்டு வைத்து, முக்காலியைப் போட்டு நாய்க்கு முன்னால் இருந்து கதைக்கத் தொடங்கினார். "பிறவுணி, மாஸ்ரருக்கு ஒரு கண் வெட்டியாச்சாம். மழை இந்த முறை பிந்தும் போலை கிடக்குது. ஒரு வாய் சாப்பிட்டுப் பாரும்." நாய் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டது. ஆறு நாளாக அவர் அதற்குச் சொல்லாத ஊர்ப்புதினம் இல்லை.

"சரி தம்பி, வாயைப் பிடியும்."

நான் எழும்பி நாய்ப் பக்கம் போனேன். வழியில் கிடந்த அம்மிக்கல்லில் என் பெருவிரல் நகம் பெயர அடிபட்டது. கருவாட்டு வாடியில் மூன்று மாதம் சம்மாட்டியின் வாயைக் கேட்டு வளர்ந்தவன் நான். அம்மியை, அதைப் பொளிந்தவனை, பொளிந்தவனுடைய பரம்பரையை, ஒருவரையும் விடவில்லை. திறப்பர் "சிவ சிவா" என்று கண்ணை மூடினார்.

பிறவுணி தலையைத் தூக்கியது. வால் ஒரு முறை நிலத்தில் அடித்தது. நான் விரலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது சுற்றுத் தூஷணம் தொடங்க, அது எழும்பி வந்து கோப்பைக்குள் வாயை வைத்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது.

"நிப்பாட்டாதையும்!" என்று திறப்பர் கத்தினார். "ஏசும் தம்பி, ஏசும்!"

பாதிக் கோப்பை முடிந்தது. அதோடு என் நோவும் முடிந்துவிட்டதால் சொல் வரவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு சிரிப்புக் கேட்டது. பக்கத்து வீட்டு அன்னம்மாக்கா.

"தம்பி, அச்சொட்டாய் மாஸ்ரரைப் போலை!"

திறப்பர் வேலிக்குப் பாய்ந்தார். "என்ன பிள்ளை சொல்லுறாய்? மாஸ்ரரோ? கோயில் தலைவரோ?"

"நாப்பது வருஷம் தபால் கந்தோரிலை ஒருத்தரையும் ஒரு சொல் ஏசாத மனிசன் அண்ணை. சேர்த்து வைச்சதெல்லாத்தையும் மத்தியானத்திலை இந்த நாய்க்குத்தான் கொட்டுறது. நாயும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தின்னும்."

"ஆறு நாளாய் வேலிக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனீ. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிச் சொல்லுறது? கோயில் தலைவர் தூஷணம் பேசுறவர் எண்டு என்ர வாயாலை சொல்லுறதோ? எனக்கும் ஆறு நாளாய் நித்திரை இல்லை."

மாஸ்ரரின் மனைவிக்கும் அதே சங்கடம். அதனால்தான் அந்த எழுத்து: 'கொஞ்சம் கதைப்பார்.' மரியாதை பார்த்துப் பார்த்து மனைவி, அன்னம்மாக்கா, திறப்பர் என்று மூன்று பேருமாகச் சேர்ந்து அந்த நாயைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள்.

பின்னேரச் சாப்பாட்டுக்குத் திறப்பர் என்னை விலக்கிவிட்டார். "நீர் நாளைக்குப் போறனீர். பொறுப்பு என்ர. நான்தான் பழகவேணும்." கிழித்த கலண்டர்த் தாள் ஒன்றை எடுத்து, பென்சிலைக் கூராக்கி, "சொல்லும், எழுதுறன்" என்றார். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் சொல்லி ஒரு பெரிய மனிதர் எழுதியது அன்று மட்டும்தான். அச்சுப் போன்ற கையெழுத்து. மூன்றாவது சொல்லில் பென்சில் நின்றது.

"இதுக்கு என்ன கருத்து?"

சொன்னேன்.

அவர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 'பொல்லாதவர்' என்று எழுதினார்.

தாளோடு போய் நாயின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்ததும், பழக்கதோஷத்தால் எல்லாம் தேவார மெட்டில் வந்தது. இடைக்கிடை "குறை நினையாதையும், பிறவுணி" என்றும் சேர்த்துக்கொண்டார். வேலிக்கு அப்பால் அன்னம்மாக்கா சிரித்துச் சிரித்து இருமினா. நாய் ஏமாறவில்லை. கோப்பையில் ஈ மொய்த்தது. அவர் எனக்குச் சோறு போட்டார். தான் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார்.

விடியக்காலை நான் எழும்பியபோது பாயில் அவர் இல்லை. கிணற்றடியில் நின்று, கிணற்றுக்குள் குனிந்து, ஒருவருக்கும் கேட்காமல் ஏசிப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லைக் கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கிணறு அதை இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது. பயந்து பின்னால் பாய்ந்தார்.

"ஆரது கிணத்துக்குள்ளை?" என்று அன்னம்மாக்கா குரல் கொடுத்தா.

"ஒருத்தருமில்லைப் பிள்ளை!"

என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உமக்கு ஆறரைக்குப் பஸ். தேத்தண்ணி கிடக்குது, குடிச்சிட்டு வெளிக்கிடும்."

நில் என்று அவர் சொல்லவில்லை. பதினாலு படலையில் நின்று பதினாலு குடும்பத்தை வழியனுப்பியவர். வெளிக்கிட்ட ஆளை மறிக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. கோப்பையில் புதுச் சோறு போட்டு, மீனை முள் எடுத்துப் பிசைந்து, தாளையும் எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்கு நடந்தார். பிறவுணி தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து, வந்தது யாரென்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவர் முதல் வரியை வாசித்தார். இரண்டாவது வரியையும் வாசித்தார். நாய் அசையவில்லை. அவர் மறுபடியும் முதல் வரிக்கு வந்தார். பின்னேரம்வரைக்கும் அப்படியே நின்று வாசித்திருப்பார். அந்த மனிதரை எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

என் பையைத் தூணடியில் வைத்தேன்.

"அண்ணை, கோப்பையைத் தாங்கோ."

"உம்மடை லொறி?"

"லொறிக்குப் பசிக்காது. தாங்கோ."

தந்தார். குறிகட்டுவான் பக்கமிருந்து பஸ் வந்து, படலைக்கு வெளியே ஹோர்ன் அடித்துப் போனது. அன்று காலை நான் எடுத்த வேலை இதுதான்: மாஸ்ரர் வரும்வரை, நாளுக்கு இரண்டு நேரம், மாஸ்ரரின் நாயைச் சம்மாட்டியின் வாயால் ஏசுவது.

"அண்ணை, காதைப் பொத்துங்கோ" என்றேன்.

அவர் கிணற்றடிவரை பின்னால் போய், இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். நான் தொடங்கினேன். பிறவுணி கால்களை ஊன்றி எழும்பி வந்து கோப்பைக்குள் முகத்தை வைத்தது. நான் நிறுத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏசியபடியே கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையும் காதில் இருந்தபடியால், கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இருக்கவில்லை.