குடத்தின் கழுத்தில் செம்புக் குழாய்

கடலூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில், என் வலது கண்ணுக்குள் பன்னீர் விழுந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரோஜாப் பூவிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தண்ணீரில் பாத்ரூம் கழுவும் லோஷன் வாசனைதான் தூக்கலாக இருந்தது. ஒற்றைக் கண்ணால் அழுதுகொண்டே அக்காவிடம் அறிவித்தேன்: "உன் நிச்சயதார்த்தத்துக்கு நானே பன்னீர் காய்ச்சப் போறேன்."

"நீ மொதல்ல வெந்நீர் காய்ச்சு" என்றாள் அக்கா.

நான் வேதியியலில் எம்.எஸ்சி. செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனி லேபில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக் குடுவைகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு, குக்கரில் ரோஜா இதழைக் கொதிக்கவிட்டு ஆவியைக் குளிரவைப்பது ஒரு வேலையா? குக்கர் சிதம்பரத்தில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ரோஜா தெருமுனைப் பூக்கடையில் இருக்கிறது. ஆவி நுழைந்து தண்ணீராக வெளியே வருவதற்கு ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய ஒரு செம்புக் குழாய் போதும். (லேபில் இதற்கென்றே கண்ணாடியில் ஒன்று உண்டு. இரவல் கேட்டபோது மேனேஜர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.)

கடலூரில் ஏசி, ஃபிரிட்ஜ் சாமான் விற்கும் கடையில் குழாய் கிடைத்தது.

"எந்த ஏசிக்கும்மா?"

"ஏசிக்கு இல்லண்ணா. காய்ச்சுறதுக்கு."

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். குழாயைச் செய்தித்தாளில் சுற்றினார். அதன்மேல் இன்னொரு செய்தித்தாளையும் சுற்றினார். "பாத்துப் போம்மா. பஸ்ல யாருக்கும் காட்டாத" என்றார். ஊரில் செம்புத் திருடர்கள் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் வேலையை ஆரம்பித்தேன். வெறும் குழாயை வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணலை அடைத்து, இரண்டு முனையிலும் துணியைத் திணித்து, உருண்டையான ஏதாவது ஒன்றின்மேல் சுற்ற வேண்டும். வீடியோக்கள் அத்தனையும் ஒரே குரலில் சொன்னது இதைத்தான். மணல், எதிர்வீட்டில் கட்டட வேலைக்குச் சலித்து வைத்திருந்ததில் கொஞ்சம். சரி, உருண்டையான பொருள்? கேஸ் சிலிண்டர் ரொம்பப் பெரிசு. சப்பாத்திக் கட்டை ரொம்பச் சின்னது. அப்போதுதான் கூடத்தில், புளி போட்டுத் தேய்த்து மினுமினுத்துக்கொண்டிருந்த அம்மாவின் பித்தளைக் குடத்தைப் பார்த்தேன். மறுநாள் வாசலில் நிறைகுடமாக நிற்க வேண்டிய குடம். அந்தக் கழுத்து! நான் கேட்ட அளவு தெரிந்து யாரோ செய்து கொடுத்தது போல இருந்தது.

குடத்தைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு சுற்றினேன். குழாய் வெண்ணெயாக வளைந்தது. ஒரு நெளிசல் கிடையாது. கழுத்து நிறைந்ததும் போட்டோ எடுத்து லேப் குரூப்பில் போட்டேன். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன. பெருமையோடு சுருளைக் கழற்றப் போனேன்.

மேலே குடத்தின் வாய் அகலம். கீழே வயிறு அதைவிட அகலம். நடுவில் ஒல்லிக் கழுத்து. மனிதன் குடம் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அது அப்படித்தான் இருக்கிறது. இதைக் கவனிப்பதற்கு எம்.எஸ்சி. தேவையில்லை. (கவனிக்காமல் விடுவதற்குத்தான் தேவைப்படும் போல.)

பிரித்து எடுக்கலாம் என்றால், சுற்றும்போது வெண்ணெயாக இருந்த செம்பு இப்போது இரும்பாகியிருந்தது. வளைத்த செம்பு இறுகிப்போகும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க்கூட வாங்கியிருக்கிறேன்.

அம்மா வந்தாள். "என்னாடி இது, குடத்துக்குக் கழுத்துவலியா? பட்டை போட்டு வெச்சிருக்க?"

"அஞ்சு நிமிஷம்மா, கழட்டிடுறேன்."

தேங்காய் எண்ணெய் தடவினேன். சோப்பு நுரை விட்டேன். குடம் வழுக்கி வழுக்கிக் கூடம் முழுக்க உருண்டது, குழாயும் கூடவே உருண்டது. கடைசியில் இரும்பு அறுக்கும் பிளேடை எடுத்தேன்.

"அத வெச்ச... கைய ஒடச்சிடுவேன்! எங்கப்பா என் பேரு வெட்டிக் குடுத்த குடம். ஒரு கீறல் விழக் கூடாது."

"அப்ப வாசல்ல வேற குடம் வெச்சிக்கலாம்மா."

"எவர்சில்வர் குடத்த வெச்சா, கிள்ளையிலேர்ந்து வர்ற மாப்ள வீட்டுக்காரவுங்க என்னாடி நெனப்பாங்க?"

அக்கா குறுக்கே வந்து குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவரோட தாய்மாமா மதுவிலக்கு போலீசுல ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு தலையாட்டினாதான் அவுங்க வீட்ல எதுவும் நடக்கும். அவரு நுழையிற வாசல்ல சாராயம் காய்ச்சுற குழாய மாட்டி வெச்சிருக்க."

கடைக்காரர் எதற்காக இரண்டு செய்தித்தாள் சுற்றினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் குடத்துக்கு மேக்கப் போட்டோம். கலசத்துக்கு நூல் சுற்றுவதில்லையா, அந்தக் கணக்கில் சுருளுக்கு மஞ்சள் பூசி, மல்லிகைச் சரம் சுற்றி, வாயில் மாவிலை செருகித் தேங்காய் வைத்தோம். குழாயின் ஒரு முனை மட்டும் மாவிலைக்கு நடுவே யானைக்குட்டித் தும்பிக்கை மாதிரி நிமிர்ந்து நின்றது. அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா வேனிலிருந்து இறங்கியதுமே குடத்திடம் வந்தார். "செம்புக் கம்பி சுத்தி எவ்ளோ அழகா இருக்கு! இப்ப இதுதான் மாடலா?"

"ஆமாங்க, எங்க சின்னவதான் செஞ்சா" என்றாள் அம்மா. (அம்மா என்னைப் பாராட்டிய அபூர்வ சந்தர்ப்பம். அதுவும் பொய்.)

பின்னாலேயே தாய்மாமா வந்தார். செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். குனிந்து சுருளை விரலால் சுண்டினார். தும்பிக்கையில் திணித்திருந்த துணியை உருவி, முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மணல் கொட்டியது.

"கம்பி இல்ல இது. குழாய். யாரு சுத்தினது?"

"நான்தான் மாமா."

"அடுப்பு எங்க?"

அக்காவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. கொல்லைப்புறம் நடந்தேன். பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் இரண்டு குடும்பமும், தட்டு ஏந்தியவர்கள் தட்டோடு. மனசு கேட்காமல் தயாராக வைத்திருந்த குக்கரின் மூடியை மாமாவே திறந்தார். உள்ளே, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன ரோஜா இதழ்கள். ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"பன்னீரா?"

"பன்னீர்தான் மாமா. அக்காவுக்காக."

"அதுக்குக் குடத்துலயா சுத்துவ?"

"கழுத்து அளவு சரியா இருந்துச்சு மாமா."

"வெளிய எப்படி எடுக்கிறதா இருந்த?"

"அத யோசிக்கல மாமா."

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு தொப்பை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார். "சர்வீஸ்ல எத்தனையோ குழாயப் பிடிச்சி நசுக்கியிருக்கேன். ஒருத்தனும் இவ்ளோ அழகா சுத்தினதில்ல. ஆனா ஒருத்தனும் குடத்துல மாட்டிக்கிட்டதும் இல்ல!" கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தங்கை, மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார். "இந்த வீட்ல கள்ளத்தனம் பண்ற அளவுக்கு யாருக்கும் சாமர்த்தியம் கெடையாது. தட்ட மாத்திக்கம்மா."

கல்யாணத்தன்றும் அதே குடத்தைத்தான் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சுருள் இன்றுவரை கழன்று வரவில்லை. மாமா என்னைக் கூப்பிடுவதே 'சாராய சம்பந்தி' என்றுதான். நான் கிள்ளைக்குப் போனால் அக்கா மாமியார் வாசலிலிருந்தே குரல் கொடுக்கிறார்: "சின்னவ வர்றா, கழுத்து உள்ள பாத்திரத்தையெல்லாம் உள்ள எடுத்து வைங்க!"

அடுத்த மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. புதுக் குழாய் வாங்கிவிட்டேன் (இந்த முறை மூன்று செய்தித்தாள்). நேற்று போனில் அக்காவிடம் திட்டத்தை விளக்கினேன்.

"இந்தத் தடவ வாயும் இல்ல, வயிறும் இல்ல. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே அகலம். நம்ம வீட்டு மழைத்தண்ணி பைப்பு!"

"அது மொட்டை மாடியிலேர்ந்து தரை வரைக்கும் செவுத்தோட அடிச்சி வெச்ச பைப்பாச்சேடி?"

"ஆமா. அதனாலதான் சுத்தும்போது ஆடாம நிக்கும்."

மறுமுனையில் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அக்கா தாய்மாமாவைக் கூப்பிடுவது கேட்டது: "மாமா, கொஞ்சம் இங்க வாங்களேன். ஒடனே வாங்க."