வெறுமையாகப் போகாத கோப்பை

“வெறுங்கோப்பைய எப்படிங்க திருப்பி அனுப்புறது? மானம் போயிரும்,” என்றாள் டொரதி.

நேற்றுப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ஜெஸீமா அனுப்பிய வட்டிலப்பம் என்ற இனிப்போடு வந்த நீலப்பூக் கோப்பை அது. டொரதியின் கணவர் ஸ்ரனிஸ்லாஸ், கடுகண்ணாவை மலையைப் பனிமூட்டம் விழுங்குவதை ஜன்னலோரம் கனவு காண்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருடமாகத் தற்காலிகக் கணித விரிவுரையாளர். இன்று இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வு. இன்று நிரந்தரமாகாவிட்டால் இனி எப்போதும் இல்லை. மாதிரி விரிவுரைக்கு அவர் எடுத்த தலைப்போ மொனாட் என்ற கருத்து, கணிதத்திலேயே வழுக்குப் பாறை.

“ரெண்டு துண்டு கேக் வச்சு அனுப்பு,” என்றார்.

அரை மணியில் கோப்பை பணியாரத்தோடு திரும்பியது. வாழைப்பழத்தோடு போய், தொதல் இனிப்போடு வந்து நின்றது.

“என்னங்க, இதுக்கு முடிவே இல்லையா?”

கடைசியில் அவரே பாயாசத்தை டப்பாவில் ஊற்றி, டப்பாவைக் கோப்பைக்குள் வைத்துக் கொண்டுபோனார். ஜெஸீமா வீட்டில் பூட்டுத் தொங்கியது. அதற்குள் பஸ் வந்துவிட, கோப்பையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கண்டியில் இறங்கியபோது விரிவுரைக் குறிப்புகள் பாயாசத்தில் ஊறிக் கிடந்தன.

தேர்வுக் குழுவின் முன்னால் அவருக்கு அழுகை வந்தது. வேறு வழியில்லாமல் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு பேசியது அவரா, அந்தப் பனிமூட்டமா, அவருக்கே தெரியாது.

“ஒரு பண்டத்தைக் கோப்பையில வைக்கிறோம். அடுத்த வீடு அதை எடுத்து, வேற ஒண்ணு செஞ்சு, அதையும் கோப்பையிலயே வச்சுத் தருது. கோப்பைக்குள்ள டப்பா வந்தா, ரெண்டையும் ஒரே பாத்திரமாக்கலாம். இவ்வளவுதாங்க மொனாட்.”

“அப்ப எப்பத்தான் வெறுமையாகும்?” என்றார் தலைவி.

“அதுக்கு மட்டும் விதி கிடையாது மெடம். இந்தக் கோப்பை சொந்த வீடு போய்ச் சேரவே சேராது.”

குழு சிரித்தது. தலைவி கோப்பில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார். அஸீம் என்ற உறுப்பினர், கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேலை ஒங்களுக்குத்தான் சேர். ஆனா இது ஒங்கட ஊட்டுக் கோப்பை. நத்தார் பண்டிகைக்குக் கேக்கோட வந்தத வெறுமையா அனுப்பேலாமத்தான் என்ட கூடப்பொறந்த ராத்தா ஜெஸீமா பெருநாள் வரைக்கும் காத்திருந்தா.”