நாகாலாந்துக்காக உருகுகிறவர்

மனிதரில் தூரத்து நியாயஸ்தர் என்று ஒரு ரகம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அநியாயம் எவ்வளவு தள்ளி நடக்கிறதோ அவ்வளவுக்கு அவர் ரத்தம் கொதிக்கும். பக்கத்து ஜில்லா என்றால் முணுமுணுப்பார். வடநாடு என்றால் மேஜையைத் தட்டுவார். கடல் தாண்டிய அநியாயம் என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அடுத்த தெருவில் நடந்தால்? "ரெண்டு பக்கமும் விசாரிக்கணும்ங்க" என்பார்.

குரும்பலூருக்கு மேற்கே எங்கள் ஊரில் இந்த ரகத்துக்கு உத்திராபதி என்று பெயர். ரேஷன் கடை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். அவருடைய பொதுவாழ்வில் பாதி கண்ணையன் சலூனில்தான் கழிந்தது. எழுபத்து நாலில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது, கன்னத்தில் பாதி நுரையும் கையில் பத்திரிகையுமாக, கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கண்ணையன் காத்து நிற்க, அவர் நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"நாட்டுக்கே தலைவரு. அவரத் தேர்ந்தெடுக்க உன்னையும் என்னையும் கேட்டாங்களாய்யா? எம்.எல்.ஏ., எம்.பி. போட்டா போதுமாம். அதுலயும் உத்தரப்பிரதேசத்து எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு இருநூத்தி எட்டு. நாகாலாந்துக்காரன் ஓட்டுக்கு எவ்ளோ தெரியுமா? ஒம்பது."

"அங்க சனம் கம்மியோ என்னவோ" என்றார் கண்ணையன்.

"சனம் கம்மின்னா நியாயமும் கம்மியா?"

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, நாகாலாந்து அவருக்கு உண்மையாகவே வலித்தது. மாற்று வழியும் கைவசம் வைத்திருந்தார். ஜனங்களே நேராக ஓட்டுப் போட வேண்டும். அது மட்டும் போதாது, பெரிய மாநிலங்கள் சின்னவற்றை அமுக்கிவிடும். ஆகவே ஜெயிக்கிறவர் மொத்த ஓட்டிலும் ஜெயிக்க வேண்டும், பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களிலும் ஜெயிக்க வேண்டும். நல்ல யோசனைதான். நான் கேலி செய்யவில்லை. ஆனால் சலூனை ஒட்டித்தான் மண்ணெண்ணெய் வரிசை நிற்கும். அன்று அந்த வரிசையில் கொளஞ்சி நின்றிருந்தாள்.

கொளஞ்சிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் கல்லங்காடு. எங்கள் சங்கத்தைச் சேர்ந்த சின்னக் குடியிருப்பு. கடையோ எங்கள் ஊரில். எண்ணெய் வந்த சேதி ஓடையைத் தாண்டிப் போய், அவர்கள் களைவெட்டைப் பாதியில் விட்டு ஓடி வருவதற்குள் பீப்பாய் காலியாகியிருக்கும். அன்றைய கூலியும் போய், வெறும் டின்னோடு திரும்புவார்கள். பொழுது சாயும் முன்பே பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைப்பது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். கொளஞ்சி எழுந்தாள்.

"ஐயா, வாரத்துல ஒரு நாளு கடைய எங்க பக்கம் தொறக்கச் சொல்லுங்க. எங்க பங்கு எண்ணெய அங்கயே ஊத்திட்டா போதும்."

உத்திராபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூரத்து நியாயஸ்தர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றால் அநியாயம் மிகவும் கிட்டத்தில் வந்துவிட்டது என்று பொருள்.

"ஏம்மா, உங்க பக்கம் அறுவது கார்டு. இங்க நானூறு. அறுவதுக்காக நானூறு பேரு ஒரு நாளு கடை இல்லாம இருக்கணுமா?"

"சனம் கம்மின்னா நியாயமும் கம்மியான்னு நீங்கதானுங்களே கேட்டீங்க."

"அது நாகாலாந்தும்மா."

"நாங்க கல்லங்காடு. அவ்ளோதானுங்க வித்தியாசம்."

"அது தேசியப் பிரச்சினை. இது நிர்வாகம். ஒண்ணோட ஒண்ணக் கொழப்பாத."

"சரிங்க. தலைவரயாச்சும் எல்லாரும் ஓட்டுப் போட்டு வைக்கலாமுல்ல? உங்கள யாரு வச்சாங்க? எங்ககிட்ட யாரும் கேக்கலீங்களே."

அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஐந்து இயக்குநர்கள். ஐவரும் எங்கள் ஊர். அதில் இருவர் அவருக்கு மைத்துனர்கள். தேர்தல் அவர் வீட்டுக் கூடத்திலேயே, கேசரி வடையுடன், ஏகமனதாக நடந்தேறியிருந்தது.

"அதுதாம்மா இருக்கிற முறை. இஷ்டத்துக்கு முறைய மாத்த முடியுமா?" என்றார், ஒரே சவரத்தில் அரசியல் சாசனத்தை மாற்றிய மனிதர். பிறகு கை தூக்கச் சொன்னார். கல்லங்காட்டுக் கைகள் உயர்ந்தன. எங்கள் ஊர்க் கைகள் அவற்றை எளிதில் மிஞ்சின. அவர் வெற்றியை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

ஐப்பசியில் ஓடை நிறைந்து ஓடியது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கடைக்கு வர முடியவில்லை. அந்தத் தீபாவளிக்குக் கல்லங்காட்டில் ஒரு வீட்டிலும் விளக்கெரியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. உத்திராபதி சலூனில் இருந்தார். லட்சத்தீவுக்கு ஒரே ஒரு எம்.பி.தானாம், அந்த அநியாயத்தை நினைத்தால் தீபாவளிப் பலகாரமே பிடிக்கவில்லை என்று கண்ணையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொளஞ்சிக்காக நீங்கள் இப்போது உச்சுக் கொட்டினீர்கள். உத்திராபதி மேல் கோபமும் வந்திருக்கும். இரக்கமுள்ளவர்தான் நீங்கள், சந்தேகமில்லை. ஆனால் கல்லங்காடு உங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரம் அல்லவா? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வாசலில் யாரோ வந்து நின்று ஏதோ கேட்டார்களே, தலையைத் தூக்காமல் "அப்புறம் வா" என்றீர்களே, அது யார்?